மார்ச் மாதத்து ஃபீனிக்ஸ்: முதன்முறை போகும் பேஸ்பால் ரசிகர்களுக்கு

அமெரிக்காவில் குடியேறி, கிரிக்கெட்டோடு பேஸ்பாலையும் மனத்தில் ஏற்றிக்கொண்ட நம் பிள்ளைகள் பலர் என்னிடம் கேட்பது இதுதான்: "ஸ்பிரிங் டிரெய்னிங் பார்க்க அவ்வளவு தூரம் போகணுமா மாமா? அந்த ஆட்டம் எதுவும் கணக்கிலேயே சேராதாமே?"

கணக்கில் சேராது என்பது உண்மை. அதனால்தான் போகச் சொல்கிறேன். யார் ஜெயித்தார்கள் என்ற கவலை இல்லாதபோதுதான் கண் ஆட்டத்தைப் பார்க்கப் பழகும். ஆண்டுதோறும் மார்ச்சில் அரிசோனா போய்வருகிற உரிமையில் சில விஷயங்களைச் சொல்கிறேன். உங்களுக்கு ஏற்றதை எடுத்துக்கொள்ளுங்கள்.

1. எதைப் பார்க்கப் போகிறீர்கள் என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள்.

மேஜர் லீக்கின் 30 அணிகளில் 15 ஃப்ளோரிடாவிலும் 15 அரிசோனாவிலும் முகாம் போடுகின்றன. முன்னதற்கு கிரேப்ஃப்ரூட் லீக் என்றும் பின்னதற்கு கேக்டஸ் லீக் என்றும் பெயர். பிப்ரவரி நடுவில் பிட்சர்களும் கேட்சர்களும் வந்து சேர்வார்கள். வீசும் கை பதமாக நாள் பிடிக்கும் என்பதால் அவர்கள் மற்றவர்களுக்கு முன்னால் வருகிறார்கள். பிப்ரவரி கடைசியில் தொடங்கும் ஆட்டங்கள் மார்ச் கடைசி வாரம்வரை நடக்கும். பெரிய பிட்சர்கூட முதல் ஆட்டத்தில் இரண்டு இன்னிங்ஸ்தான் வீசுவார். அடுத்த முறை மூன்று, பிறகு நான்கு என்று கூட்டிக்கொண்டே போவார். நட்சத்திர வீரர்களைப் பார்க்க வேண்டுமென்றால் மார்ச் நடுவுக்குப் பிறகு போங்கள். புதியவர்களைப் பார்க்க வேண்டுமென்றால் முதல் வாரம் போங்கள்.

ஃப்ளோரிடாவில் மைதானங்கள் மாநிலம் முழுக்கச் சிதறிக் கிடக்கின்றன. அரிசோனாவிலோ பத்து மைதானங்களும் ஃபீனிக்ஸைச் சுற்றியே இருக்கின்றன. நெரிசல் இல்லாவிட்டால் எதிலிருந்து எதற்கும் ஏறக்குறைய ஒரு மணி நேரத்தில் போய்விடலாம். முதல் பயணத்துக்கு அரிசோனாதான் வசதி.

2. ஒரு நாளைக்கு ஓர் ஆட்டம் போதும்.

பெரும்பாலான ஆட்டங்கள் பகல் ஒரு மணிக்குத் தொடங்கும். சில இரவில் நடக்கும். இரண்டையும் பார்த்துவிடலாம் என்று பகலில் மேசாவிலும் இரவில் சர்ப்ரைஸிலும் நிற்கிறவர்களைப் பார்க்கிறேன். அவர்கள் பார்ப்பதெல்லாம் 101ஆம் எண் நெடுஞ்சாலையைத்தான். காலையில் பயிற்சி, பகலில் ஆட்டம், மாலையில் நல்ல சாப்பாடும் ஒரு புத்தகமும் என்று நாளைப் பிரித்துக்கொள்ளுங்கள். ஐந்து நாள் இப்படிப் போனால் மனம் நிறைந்துவிடும்.

கிழக்கே மேசா, டெம்பி, ஸ்காட்ஸ்டேல். மேற்கே கிளெண்டேல், பியோரியா, சர்ப்ரைஸ், குட்இயர். ஒரு பக்கத்தில் தங்கி அந்தப் பக்கத்து ஆட்டங்களை முதலில் முடியுங்கள். மார்ச்சில் அறை வாடகை எகிறும் என்பதால் பொங்கலுக்கு முன்பே பதிவு செய்துவிடுங்கள். வார நாள் ஆட்டத்துக்குக் கூட்டமும் குறைவு, டிக்கெட்டும் மலிவு. கார் இல்லாமல் முடியாது. இன்னொன்று: மார்ச் நடுவில் நாடே கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளும்போது அரிசோனா தள்ளாது. விமான நேரத்தைப் பார்க்கும்போது இதை மறக்க வேண்டாம்.

3. காலைப் பயிற்சியைத் தவறவிடாதீர்கள்.

பெரும்பாலான முகாம்களில் பெரிய மைதானத்தை ஒட்டிப் பல பயிற்சி மைதானங்கள் உண்டு. பல அணிகள் காலையில் ரசிகர்களைக் கட்டணமில்லாமல் உள்ளே விடுகின்றன. எந்த நாள், எந்த வாசல் என்பதை அணியின் அறிவிப்பில் பார்த்துக்கொள்ளுங்கள்.

அங்கே நான் விரும்பிப் பார்ப்பது பிட்சர்களின் ஃபீல்டிங் பயிற்சி. பந்து முதல் பேஸ் பக்கம் உருளும். பிட்சர் மேட்டிலிருந்து ஓடிப்போய் பேஸை மிதித்தபடி எறிதலை வாங்க வேண்டும். கோடிக்கணக்கில் சம்பளம் வாங்குகிறவரும் வேலை தேடி வந்த பையனும் ஒரே வரிசையில் நின்று இதையே திரும்பத் திரும்பச் செய்வார்கள். அக்டோபர் ப்ளேஆஃபில் ஓர் ஆட்டத்தின் தலைவிதி இந்தப் பத்துப் பதினைந்து தப்படியில் தீர்மானமாகலாம். தொழில் தெரிந்தவர்களும் அரிச்சுவடியை விடுவதில்லை என்பதை உங்கள் குழந்தைகளுக்குச் சொல்லிப் புரியவைக்க வேண்டாம். அங்கே நிறுத்திக் காட்டுங்கள்.

4. ஐந்தாவது இன்னிங்ஸோடு எழுந்து போகாதீர்கள்.

இதுதான் என் முக்கியமான அறிவுரை. தெரிந்த முகங்கள் ஐந்து இன்னிங்ஸ் ஆடிவிட்டு உள்ளே போனதும் அரங்கத்தில் பாதி காலியாகிவிடும். அதன்பிறகுதான் எண்பது, தொண்ணூறு என்று பெரிய எண் போட்ட சட்டைகள் களம் இறங்கும். சிலருக்கு முதுகில் பெயர்கூட இருக்காது.

முகாமில் ஏறக்குறைய அறுபது பேர் இருப்பார்கள். பருவம் தொடங்கும்போது அணியில் இடம் 26 பேருக்குத்தான். உள்ளே நுழைந்தவருக்கு 2025இல் குறைந்தபட்ச ஆண்டுச் சம்பளம் 7,60,000 டாலர். அதற்கு ஒரு படி கீழே, ட்ரிபிள்-ஏ வீரருக்கு 2023 ஒப்பந்தம் வகுத்த குறைந்தபட்சம் 35,800 டாலர். எட்டாவது இன்னிங்ஸில் மட்டை பிடிக்கும் அந்தப் பையன் இந்த இரண்டு தொகைகளுக்கும் நடுவில் நிற்கிறான். கணக்கில் சேராத ஆட்டம் என்று நாம் சொல்கிறோம். அவனுக்கு இதைவிடக் கணக்கான ஆட்டம் வேறில்லை.

அந்த இடத்துக்கு முயன்றவர்களில் நம்மவர்களும் உண்டு. 2008இல் உத்தரப் பிரதேசத்து ஈட்டி எறியும் இளைஞர்கள் ரிங்கு சிங், தினேஷ் படேல் இருவரையும் பிட்ஸ்பர்க் பைரேட்ஸ் ஒப்பந்தம் செய்தது. ஏ.ஆர். ரஹ்மான் இசையமைத்த 'மில்லியன் டாலர் ஆர்ம்' படம் அவர்கள் கதைதான். படம் ஒப்பந்தத்தோடு முடிந்துவிடுகிறது. வாழ்க்கையில் இருவரும் மேஜர் லீக் வரை எட்டவில்லை. எட்டாதவர்களின் உழைப்பையும் பார்க்கக் கிடைக்கும் இடம் இந்த முகாம்கள். களத்தில் நிற்கும் அந்தப் பையன்களின் பெயரைக் குறித்துக்கொண்டு, ஒரு நல்ல அடிக்கு எழுந்து கைதட்டுங்கள்.

5. வெயிலை மதியுங்கள்.

மார்ச்சில் பகல் வெப்பம் 25 டிகிரி செல்சியஸை ஒட்டி இருக்கும். நம் ஊர் வெயில் பார்த்தவர்களுக்கு இது பெரிதாகத் தெரியாது. ஆனால் பாலைவனக் காற்றில் வியர்வை தெரியாமலே உலர்ந்துவிடும். தாகம் எடுக்கும்போது தலைவலியும் வந்திருக்கும். தொப்பி, சன்ஸ்கிரீன், தண்ணீர் மூன்றும் கட்டாயம். பொதுவாக மூன்றாம் பேஸ் பக்கமும் ஹோம் பிளேட்டின் பின்வரிசைகளும் சீக்கிரம் நிழலுக்கு வரும். அவுட்ஃபீல்டுக்குப் பின்னால் இருக்கும் புல்மேட்டு டிக்கெட்தான் மலிவு. ஒரு விரிப்பு கொண்டுபோங்கள். குழந்தைகளோடு உட்கார்ந்தால் பந்தின் மேல் ஒரு கண் இருக்கட்டும். இரவு ஆட்டத்துக்கு ஸ்வெட்டர் வேண்டும்.

6. பென்சிலும் ஸ்கோர் அட்டையும் வாங்குங்கள்.

பிட்சர் 1, கேட்சர் 2, முதல் பேஸ் 3, இரண்டாம் பேஸ் 4, மூன்றாம் பேஸ் 5, ஷார்ட்ஸ்டாப் 6, இடமிருந்து வலமாக அவுட்ஃபீல்டர்கள் 7, 8, 9. இவ்வளவு தெரிந்தால் எழுதத் தொடங்கிவிடலாம். ஷார்ட்ஸ்டாப் எடுத்து, இரண்டாம் பேஸுக்குக் கொடுத்து, அங்கிருந்து முதல் பேஸுக்குப் போய் இரண்டு பேர் அவுட் என்றால் 6-4-3. ஸ்பிரிங் டிரெய்னிங்கில் ஆட்களை மாற்றிக்கொண்டே இருப்பார்கள் என்பதால் அட்டை அடித்தலும் திருத்தலுமாக ஆகிவிடும். ஆகட்டும். எழுதுகிறவர் கவனிக்கிறார். கைபேசியைப் பார்க்கிறவருக்கு அந்த 6-4-3இன் சில விநாடிகள் தவறிவிடும்.

7. கையெழுத்து கேட்பதில் மரியாதை வேண்டும்.

ஆட்டத்துக்கு ஒன்றரை மணி நேரம் முன்பே வந்து ஓரக்கோட்டுப் பக்கத் தடுப்பருகே நில்லுங்கள். பெயர் சொல்லி, "மிஸ்டர்" போட்டு அழையுங்கள். பேனாவைத் திறந்து தயாராக வைத்திருங்கள். சிறுவர்களை முன்னால் விடுங்கள். கிடைத்தால் நன்றி சொல்லுங்கள், மறுத்தால் விட்டுவிடுங்கள். விற்பதற்காக வாங்காதீர்கள்.

8. மாலைச் சாப்பாட்டில் அந்த ஊரைச் சாப்பிடுங்கள்.

மைதானத்தில் வேர்க்கடலையும் ஹாட் டாகும் போதும். வயிற்றை மாலைக்கு வையுங்கள். சொனோரா ஹாட் டாக் இந்தப் பகுதியின் பெருமை: பேக்கன் சுற்றிய சாசேஜ், மெத்தென்ற ரொட்டி, மேலே பின்டோ பீன்ஸ், வெங்காயம், தக்காளி, மயோனைஸ், மிளகாய். டூசானில் இதை விற்கும் எல் குவெரோ கனேலோ கடைக்கு 2018இல், அமெரிக்க உணவுத்துறையின் பெரிய விருதான ஜேம்ஸ் பியர்ட் விருது கிடைத்தது. ஃபீனிக்ஸில் கிறிஸ் பியாங்கோவின் பீட்சாக் கடை பிட்ஸேரியா பியாங்கோ இருக்கிறது. பியாங்கோவுக்கு 2003இலேயே அந்த விருது வந்துவிட்டது.

ஃப்ரை பிரெட் ஹவுஸுக்கும் ஒரு மாலை போங்கள். டோஹோனோ ஓ'ஓதாம் பழங்குடியைச் சேர்ந்த பெண்மணி தொடங்கிய கடை அது. 2012இல் ஜேம்ஸ் பியர்ட் விருது பெற்றது. எண்ணெயில் பொரித்த அந்த ரொட்டிக்குத் துயரமான வரலாறு உண்டு. 1864இல் நவஹோ மக்களைச் சொந்த மண்ணிலிருந்து நடத்தியே வெளியேற்றிய அரசாங்கம், ரேஷனாகக் கொடுத்தது மாவும் கொழுப்பும். அதை வைத்து இந்த ரொட்டியைப் பொரித்து அவர்கள் உயிர் வளர்த்தார்கள். அதை அறிந்து சாப்பிடுங்கள்.

9. சைவர்கள் கேட்டுச் சாப்பிடுங்கள்.

மெக்சிகோ உணவகத்தில் பீன்ஸ்தானே என்று நம்பி வாங்க வேண்டாம். மசித்த பீன்ஸிலும் கோதுமை டார்ட்டியாவிலும் பன்றிக்கொழுப்பு சேர்ப்பது வழக்கம். அதற்கு அங்கே மன்டேகா என்று பெயர். "மன்டேகா இருக்கிறதா?" என்று கேட்டால் ஒளிக்காமல் சொல்வார்கள். சோள டார்ட்டியாவில் பெரும்பாலும் இருக்காது. சப்பாத்திக்கள்ளி மடலைச் சமைத்த நோபாலேஸ் கிடைத்தால் விடாதீர்கள். வெண்டைக்காய் பிடித்தவர்களுக்கு அதுவும் பிடிக்கும். இட்லி தோசைக்கு நாக்கு ஏங்கினால் நம்மவர்கள் நிறைய வாழும் சாண்ட்லர் பக்கத்தில் இருக்கிறது.

10. பையில் ஒரு புத்தகம் இருக்கட்டும்.

முதல் புத்தகம் ஜிம் பூட்டனின் 'பால் ஃபோர்' (1970). யாங்கீஸில் ஒளிர்ந்த பிட்சர் அவர். கை பழுதானபின் நக்கிள்பாலை நம்பி, 1969இல் புதிதாகப் பிறந்த சியாட்டில் பைலட்ஸ் அணியில் இடம் தேடி வந்தார். அந்த முகாம் நடந்த ஊர் டெம்பி. வேலை நிலைக்குமா என்று ஒரு வீரன் நாள்தோறும் படும் பதற்றம் நாட்குறிப்பாக அமைந்த அந்தப் புத்தகத்தில் இருக்கிறது. பகலில் எட்டாவது இன்னிங்ஸ் பார்த்துவிட்டு இரவில் இதைப் படித்தால் இரண்டும் ஒன்றையொன்று விளக்கும். பைலட்ஸ் ஒரே பருவம் ஆடி, மில்வாக்கிக்குப் போய் ப்ரூவர்ஸ் ஆனது. அந்த ப்ரூவர்ஸ் இன்று ஃபீனிக்ஸின் மேரிவேலில் பயிற்சி செய்கிறது.

இரண்டாவது, ரோஜர் ஏஞ்சலின் 'தி சம்மர் கேம்' (1972). நியூயார்க்கர் பத்திரிகைக்காக 1962இல் ஃப்ளோரிடா முகாம்களுக்குப் போய், வீரர்களோடு பார்வையாளர் வரிசை முதியவர்களையும் கவனித்து எழுதினார். அங்கே தொடங்கியவர் அறுபது ஆண்டுக்காலம் பேஸ்பாலின் தலைசிறந்த எழுத்தாளராக இருந்து, 2022இல் தம் 101ஆம் வயதில் மறைந்தார். நாவல் வேண்டுமென்றால் எமிலி நெமென்ஸின் 'தி கேக்டஸ் லீக்' (2020). ஸ்காட்ஸ்டேலில் ஒரு நட்சத்திர வீரனைச் சுற்றி வாழும் மனிதர்களின் கதை. மறந்துபோய் வெறுங்கையோடு வந்தால் கவலை வேண்டாம். டெம்பியில் சேஞ்சிங் ஹேண்ட்ஸ், ஸ்காட்ஸ்டேலில் துப்பறியும் நாவல்களுக்குப் பேர்போன பாய்சன்ட் பென் என்று நல்ல புத்தகக் கடைகள் இருக்கின்றன.

11. நிற்கும் மண்ணின் கதையைத் தெரிந்துகொள்ளுங்கள்.

கேக்டஸ் லீக் 1947இல் இரண்டு அணிகளோடு தொடங்கியது: டூசானில் கிளீவ்லாந்து, ஃபீனிக்ஸில் நியூயார்க் ஜயன்ட்ஸ். ஃப்ளோரிடாவின் நிறவெறி பிடிக்காமல் அணியை அரிசோனாவுக்குக் கொண்டுவந்ததாகக் கிளீவ்லாந்து உரிமையாளர் பில் வீக் பின்னாளில் தன்வரலாற்றில் எழுதினார். அதே ஆண்டு ஜூலையில் அவர் சேர்த்த லாரி டோபி, அமெரிக்கன் லீக்கின் முதல் கறுப்பின வீரர். ஆனால் அடுத்த வசந்தத்தில் டூசானில் அணி தங்கிய ஹோட்டல் டோபிக்கு அறை தரவில்லை. இன்று டைமண்ட்பேக்ஸும் ராக்கீஸும் பயிற்சி செய்யும் சால்ட் ரிவர் ஃபீல்ட்ஸ் பழங்குடியினருக்குச் சொந்தமான நிலத்தில் 2011இல் திறக்கப்பட்டது. ஒரு காலை ஃபீனிக்ஸின் ஹெர்ட் அருங்காட்சியகத்துக்கு ஒதுக்கினால் அந்த மண்ணின் மக்களைப் பற்றி இன்னும் தெரிந்துகொள்வீர்கள்.

இவ்வளவையும் ஒரே பயணத்தில் செய்ய வேண்டும் என்பதில்லை. முகாம் அடுத்த ஆண்டும் நடக்கும். வரும் மார்ச்சில் ஒரு வார நாள் ஆட்டத்துக்கு டிக்கெட் வாங்குங்கள். முடிந்தால் அப்பா அம்மாவையோ பிள்ளைகளையோ கூட்டிக்கொண்டு போங்கள். கடைசி அவுட் விழும்வரை உட்கார்ந்திருங்கள்.