வண்டி வராத வழி: ஃபால்ட்ஸ் காட்டிலும் திராட்சைத் தோட்டத்திலும் ஒரு நாள் சைக்கிள்

ஜெர்மனியின் ஃபால்ட்ஸ் பகுதிக்குச் சுற்றுலா போகிறவர்களுக்கு எல்லோரும் முதலில் காட்டுவது 'வைன்ஸ்ட்ராஸ' என்ற ஒயின் சாலையைத்தான். 1935-இல் திறக்கப்பட்ட அந்தச் சாலை, வடக்கே பொக்கன்ஹைம் ஊரிலிருந்து பிரெஞ்சு எல்லையை ஒட்டிய ஷ்வைகன் வரை 85 கி.மீ. நீள்கிறது. காரில் போக அருமையான சாலை. சைக்கிள்காரர்கள் அதை விட்டுவிடலாம். அதற்கு இருபுறமும் கார்களே நுழைய முடியாத பாதைகள் நிறைய இருக்கின்றன. மேற்கே மலைக்காட்டில் மரம் ஏற்றும் லாரிக்காகப் போட்ட ஜல்லிப் பாதைகள், கிழக்கே திராட்சைத் தோட்டங்களுக்கு நடுவே டிராக்டருக்காகப் போட்ட பாதைகள். இரண்டும் வேலைக்காகப் பிறந்தவை. ஒரு பாதை யாருடைய வேலைக்கானது என்று தெரிந்துகொண்டால், அதில் எப்போது போகலாம், எப்போது ஒதுங்க வேண்டும் என்பதெல்லாம் தானாகவே புரிந்துவிடும்.

வரைபடத்தில் தொடங்குங்கள்

பயணத்துக்கு முந்தின நாள் இரவு அரை மணி நேரம் வரைபடத்தோடு உட்காருங்கள். ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பை அடிப்படையாகக் கொண்ட எந்தச் செயலியும் போதும். அதில் வேலைப் பாதைகளை ஐந்து தரமாகப் பிரித்திருப்பார்கள். முதல் தரம் தார் அல்லது கான்கிரீட் போல இறுகியது. ஐந்தாவது வெறும் மண்ணும் புல்லும். ஜல்லிப் பாதைக்கென்றே செய்த கிராவல் சைக்கிளுக்கு இரண்டும் மூன்றும்தான் சரி. செயலி தானாக வரைந்து தரும் வழியை அப்படியே நம்பாமல், அது எங்கே நெடுஞ்சாலையைத் தொடுகிறது என்று விரலால் நகர்த்திப் பாருங்கள். தொடும் இடத்திலெல்லாம் இணையாக ஒரு வனப்பாதை இருக்கிறதா என்று தேடுங்கள். பெரும்பாலும் இருக்கும்.

சட்டமும் இங்கே நமக்குச் சாதகமாகவே இருக்கிறது. ரைன்லாந்து-ஃபால்ட்ஸ் மாநில வனச் சட்டப்படி, சாலைகளிலும் வனப்பாதைகளிலும் சைக்கிள் ஓட்டலாம். ஒற்றையடிப் பாதைகளும், வெட்டிய மரத்தை இழுத்துவரும் தடங்களும் 'வனப்பாதை' கணக்கில் வராது. நடப்பவர்களுக்கான குறுகிய தடம் எவ்வளவு ஆசை காட்டினாலும் அதில் இறங்காதீர்கள். கிராவல் சைக்கிளுக்கு அகலமான ஜல்லிப் பாதையே சுகமும்கூட.

வழியில் வரும் இரண்டு பலகைகளைப் பிரித்தறியத் தெரிந்திருக்க வேண்டும். சிவப்பு வளையத்துக்குள் காரும் மோட்டார் சைக்கிளும் வரைந்திருந்தால் தடை மோட்டார் வண்டிக்கு மட்டும், நாம் போகலாம். வளையத்துக்குள் ஒன்றுமே இல்லாமல் வெள்ளையாக இருந்தால் தடை எல்லா வண்டிக்கும், சைக்கிளுக்கும் சேர்த்து. கீழே சைக்கிள் படமோ 'ராட்ஃபாரர் ஃப்ரை' என்ற வாசகமோ இருந்தால்தான் ஓட்டலாம். இல்லையென்றால் இறங்கித் தள்ளிக்கொண்டு போங்கள்.

சைக்கிளைத் தயார் செய்வது

டயர் 40 மி.மீ. அகலம் இருக்கட்டும், டியூப்லெஸ் என்றால் இன்னும் நல்லது. 70 கிலோ எடையுள்ளவருக்கு 30 முதல் 35 பி.எஸ்.ஐ. காற்றுப் போதும், பின் டயருக்கு முன்னதைவிடக் கொஞ்சம் கூடுதலாக வையுங்கள். தார்ச்சாலைப் பழக்கத்தில் கல் போல அடித்துவைத்தால் ஜல்லியில் சைக்கிள் துள்ளும், பிடிமானம் போகும். கியர் விஷயத்தில் கௌரவம் பார்க்க வேண்டாம். முன்னே செயின் வீலில் 40 பல் என்றால், பின்னே மிகப் பெரிய பல்சக்கரத்தில் 42 பல்லாவது இருக்க வேண்டும். பம்ப், பஞ்சர் சாமான், ஒரு மாற்று டியூப், இரண்டு பாட்டில் தண்ணீர். ஊற்றுகளில் 'கைன் ட்ரிங்க்வாஸர்' என்று எழுதியிருந்தால் அந்த நீரைக் குடிக்கக்கூடாது.

எந்த நாளில் போவது

மே, ஜூன், செப்டம்பர், அக்டோபர் ஆகிய மாதங்கள் நல்லவை. குளிர்காலத்தில் மரம் வெட்டுவார்கள். பாதையின் குறுக்கே சிவப்பு-வெள்ளைப் பட்டையோ துணியோ கட்டியிருந்தால், ஆள் அரவம் இல்லையே என்று தாண்டிப் போகாதீர்கள். சாயும் மரத்துக்கு அடியில் சிக்கினால் தப்ப வழியில்லை. இலையுதிர் காலத்திலும் குளிர்காலத்திலும் கூட்டு வேட்டை நடக்கும் நாள்களில் எச்சரிக்கைப் பலகை வைப்பார்கள். அன்று வேறு பள்ளத்தாக்கைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஏறுவது பள்ளத்தாக்கில், இறங்குவது விளிம்பில்

இந்த மலையின் கிழக்கு விளிம்பு ரைன் சமவெளியிலிருந்து செங்குத்தாக எழுகிறது. திராட்சைத் தோட்டத்திலிருந்து நேராக மேலே ஏறப் பார்த்தால் சில கிலோமீட்டருக்குள் சில நூறு மீட்டர் உயர வேண்டிவரும், முழங்கால் கெஞ்சும். பள்ளத்தாக்குகள் நீளமானவை, சரிவும் மெதுவானது. அதனால் ஏறுவதற்குப் பள்ளத்தாக்கைத் தேர்ந்தெடுங்கள்.

முதல் முறை போகிறவர்களுக்கு நான் சொல்லும் சுற்று சுமார் 30 கி.மீ. நொய்ஷ்டாட் ரயில் நிலையத்தில் தொடங்கி, ஊரின் மேற்கே கால்ட்டன்பிரன் பள்ளத்தாக்கில் ஏறுங்கள். இடையில் எங்கும் நிமிர்ந்து நின்று மிதிக்க வேண்டியிருக்காது. மூச்சு வாங்காமல் பேசிக்கொண்டே போகிற வேகத்தில் ஹெல்லர்ஹுட்டே குடிலை அடையலாம். அங்கிருந்து காட்டுக்குள்ளேயே டோட்டன்கோப்ஃப் குடிலுக்கு. இங்கே ஒரு மலைச்சாலையைக் கடக்க வேண்டும். மோட்டார் சைக்கிள்காரர்களுக்குப் பிடித்த சாலை அது, நின்று இருபுறமும் கேட்டுவிட்டுக் கடங்கள். பிறகு சங்க்ட் மார்ட்டின் கிராமத்துக்கு இறங்கி, மைக்கம்மர், டீடஸ்ஃபெல்ட், ஹம்பாக் வழியாகத் திராட்சைத் தோட்டப் பாதைகளில் நொய்ஷ்டாட் திரும்பலாம். தலைக்கு மேலே தெரியும் கோட்டை, 1832-இல் மக்கள் கறுப்பு-சிவப்பு-பொன் கொடியோடு திரண்டு சுதந்திரமும் ஒன்றுபட்ட ஜெர்மனியும் கேட்ட ஹம்பாக் கோட்டை. தெம்பு இருப்பவர்கள் இந்தக் காட்டின் மிக உயர்ந்த சிகரமான கால்மிட்டையும் (673 மீ.) சேர்த்துக்கொள்ளலாம்.

ஜல்லியில் ஓட்டும் விதம்

இந்தக் காடு செம்மணற்கல்லின் மேல் நிற்கிறது. மழை பெய்தால் நீர் சீக்கிரம் இறங்கிவிடும், சேறு குறைவு. ஆனால் வளைவுகளில் பொடிமணல் சேரும். லாரிப் பாதையைக் கூர்ந்து பாருங்கள்: நடுவில் மேடு, அதில் புல்லும் தளர்ந்த கல்லும், இரு பக்கமும் சக்கரம் ஓடி ஓடி இறுகிய இரண்டு தடங்கள். அந்தத் தடத்தில்தான் போக வேண்டும். வளைவுக்கு முன்பே, நேராக இருக்கும்போதே பிரேக் பிடித்து முடியுங்கள். வளைவுக்குள் முன் பிரேக்கை அழுத்தினால் சக்கரம் வழுக்கும். மழைநீரைத் திருப்ப, பாதைக்குக் குறுக்கே சாய்வாகச் சிறு வாய்க்கால் வெட்டியிருப்பார்கள். இருக்கையிலிருந்து லேசாக எழுந்து, முழங்காலையும் முழங்கையையும் தளரவிட்டு, அதற்குச் செங்குத்தாகக் கடங்கள். சாய்வாகப் போனால் டயர் வாய்க்காலின் போக்கிலேயே இழுபடும். புதிதாகக் கொட்டிய ஜல்லி விளிம்பு கூரானது, அதன் மேல் மெதுவாக.

நடப்பவர்களைப் பின்னாலிருந்து நெருங்கும்போது தூரத்திலேயே மணியடித்து, வேகத்தைக் குறைத்து, 'ஹலோ' சொல்லிக் கடந்து போங்கள். இந்தக் காட்டில் சைக்கிளுக்கு இருக்கும் வரவேற்பு இந்தச் சின்ன மரியாதையைப் பொறுத்தது.

குடிலில் சாப்பாடு

1902-இல் தொடங்கிய ஃபால்ட்ஸ் வனச் சங்கத்தின் உறுப்பினர்கள் சம்பளம் வாங்காமல் பல குடில்களை நடத்துகிறார்கள். இந்தக் குடில் பண்பாட்டை ஜெர்மனி 2021-இல் தன் மரபுப் பட்டியலில் சேர்த்தது. அதற்கு முழுத் தகுதி உண்டு. பல குடில்கள் வாரக்கடைசியிலும் வாரநாளில் ஓரிரு நாளும்தான் திறந்திருக்கும். முன்னமே பார்த்துவிட்டுப் போங்கள், கையில் ரொக்கம் வையுங்கள். வரிசையில் நின்று வாங்கி, நீண்ட மேசையில் யார் பக்கத்திலாவது இடம் கேட்டு உட்கார வேண்டும். சைவம் சாப்பிடுகிறவர்கள் ரொட்டியோடு 'வைஸர் கேஸ' கேளுங்கள். வெங்காயம், மூலிகை கலந்த, தயிர் போன்ற வெள்ளைப் பாலாடைக்கட்டி. ஒயினில் சோடா கலந்த ஷோர்லே அரை லிட்டர் கிளாஸில் வரும். அதில் ஒயின்தான் அதிகம், கீழே இறக்கமும் காத்திருக்கிறது. திராட்சைச் சாற்றில் செய்த ஷோர்லே கேட்டு வாங்குவதே நல்லது.

தோட்டத்துக்குள்

செப்டம்பரில் அறுவடை. அப்போது பாதை முழுக்க விவசாயிக்குச் சொந்தம். டிராக்டர் வந்தால் நீங்கள்தான் ஓரம் இறங்கி நிற்க வேண்டும். கோடையில் பூஞ்சை மருந்து அடிக்கும் வரிசையைக் கண்டால் முடியும்வரை காத்திருங்கள், அல்லது அடுத்த பாதைக்கு மாறுங்கள். கொத்துகளில் கை வைக்காதீர்கள். ஒரு வருட உழைப்பு அது.

அடிபட்டால், திரும்பும்போது

காட்டில் பச்சைப் பலகையில் வெள்ளைச் சிலுவையும் ஓர் எண்ணும் இருக்கும். அது மீட்பு இடம். 112-ஐ அழைத்து அந்த எண்ணைச் சொன்னால் ஆம்புலன்ஸ் எங்கே வர வேண்டும் என்று அவர்களுக்குத் தெரியும். தாண்டும்போதெல்லாம் எண்ணைப் போனில் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள். வீடு போனதும் முழங்காலுக்குப் பின்புறம், இடுப்பு, அக்குள் எல்லாம் உண்ணி ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள்.

உள்ளூர் ரயில்களில் வாரநாளில் காலை 9 மணிக்குப் பிறகும் சனி, ஞாயிறுகளில் நாள் முழுக்கவும் சைக்கிளுக்குக் கட்டணம் இல்லை. வெயில் அடிக்கும் ஞாயிறு மாலையில் சைக்கிள் பெட்டி நிரம்பிவிடும். சாயங்காலக் கூட்டத்துக்கு முன்பே நொய்ஷ்டாட் வந்துசேரப் பாருங்கள். அந்த ஒயின் சாலையிலேயே ஓட்டிப் பார்க்க ஆசை என்றால் ஆகஸ்ட் கடைசி ஞாயிறைத் தேர்ந்தெடுங்கள். அன்று அதில் மோட்டார் வண்டிகளை நிறுத்தி, சைக்கிளுக்கும் நடப்பவர்களுக்கும் விட்டுவிடுகிறார்கள்.