பொருள்வழி உளச்சிகிச்சையும் மாணவர் மனச்சோர்வும்

தமிழில் 'பொருள்' என்னும் சொல் செல்வத்தையும் குறிக்கும். ஒன்றன் உட்கருத்தையும் குறிக்கும். முதற்பொருள் இல்லையெனில் வாழ்வில் இரண்டாம் பொருளும் இல்லாதொழியுமோ? இவ்வினாவுக்கு மருத்துவ நெறியில் விடை தேடியவர் வியன்னா நகரத்து மனநல மருத்துவர் விக்டர் ஃபிராங்கல் (1905-1997). அவர் வகுத்த முறை 'லோகோதெரபி' எனப்படும். 'லோகாஸ்' என்னும் கிரேக்கச் சொல்லை அவர் 'பொருள்' என்றே கொண்டார். ஆதலின் இதனைப் பொருள்வழி உளச்சிகிச்சை எனலாம்.

இம்முறை அரும்பியது இளைஞரிடையேதான். 1920களின் பிற்பகுதியில், தாம் மருத்துவ மாணவராய் இருந்தபோதே, இளைஞர்க்குக் கட்டணமில்லா ஆலோசனை நிலையங்களை வியன்னாவில் ஃபிராங்கல் அமைத்தார். மதிப்பெண் அறிக்கை வழங்கப்பெறும் நாள்களில் மாணவர் உயிர் மாய்த்துக்கொள்வது கண்டு, அந்நாள்களுக்கெனச் சிறப்பு ஆலோசனைக்கும் வழிசெய்தார்.

அடுத்து வந்த பொருளாதார வீழ்ச்சியில் வேலையிழந்த இளைஞர் பலர் மனச்சோர்வுற்றனர். வேலையில்லை என்பதால் தாம் பயனற்றவர் என்றும், பயனற்றவர் என்பதால் தம் வாழ்வு பொருளற்றது என்றும் அவர்கள் முடிவு செய்திருந்தனர். ஃபிராங்கல் அவர்களை நூலகங்களிலும் இளைஞர் அமைப்புகளிலும் ஊதியமின்றித் தொண்டாற்றத் தூண்டினார். வயிற்றுப் பசி தீரவில்லை. ஆயினும் சோர்வு அகன்றது என அவர் பதிவு செய்துள்ளார். முதற்பொருள் கிட்டாதபோதும் இரண்டாம் பொருள் கிட்டியது!

வாழ்வின் பொருளைக் காண மூன்று வழிகளை அவர் சுட்டுகிறார். ஒன்று, செயலாற்றுதல், மற்றொன்று, அன்பையும் அழகையும் துய்த்தல், பிறிதொன்று, தவிர்க்கவியலாத் துன்பத்தை எதிர்கொள்ளும் மனநிலை. மூன்றாவதை அவர் ஏட்டளவில் மட்டும் கூறவில்லை. 1942 முதல் 1945 வரை நாஜிகளின் முகாம்களில் அடைபட்டு, பெற்றோரையும் மனைவியையும் இழந்தவர் அவர். தவிர்க்கக்கூடிய துன்பத்தைத் தவிர்ப்பதே முறை என்பதையும் அவர் வலியுறுத்தினார்.

ஈண்டு ஒன்று மறத்தலாகாது. கடும் மனச்சோர்வு ஒரு நோய். சோம்பலன்று, நம்பிக்கைக் குறைவுமன்று. அதற்கு மருத்துவரின் துணை வேண்டும். பொருள்வழிச் சிகிச்சை மருந்துக்கு மாற்றன்று. உடன் நிற்கும் துணையே.

ஆசிரியரும் பெரியோரும் செய்யக்கூடியது யாது? ஓவியர் தாம் கண்ட உலகைக் காட்டுவார். கண் மருத்துவரோ நம் கண்ணால் நாமே உலகைக் காணச் செய்வார். உளச்சிகிச்சையாளர் கண் மருத்துவரைப் போன்றவர் என்பது ஃபிராங்கலின் கருத்து. பொருளை ஒருவர் மற்றொருவர்க்கு வழங்க இயலாது. அவரவரே கண்டடைதல் வேண்டும். எனவே, சோர்ந்து அமர்ந்திருக்கும் மாணவனுக்கு அறிவுரையை அடுக்குவதினும், அவன் சொல்வதைச் செவிமடுத்து, "உன்னை எதிர்நோக்கி இருப்பவர் யார்? உனக்காகக் காத்திருக்கும் பணி எது?" என அன்புடன் வினவுதல் நன்று. தேர்வு முடிவு வெளியாகும் நாளில் நம் துறையின் கதவு திறந்திருக்கட்டும். மதிப்பெண் குறைந்த மாணவனும் தயங்காது உள்ளே வரட்டும்.