குதிரை கொடுக்கும் உயிர்

நம்ம பெரம்பலூர், அரியலூர் பக்கம் பருத்திக் காடும் சோளக் காடும் முந்திரித் தோப்பும் அதிகம். கூடவே பாம்பும் உண்டு. எங்க அப்பா ராத்திரி கரண்ட் வரும்போது வயலுக்குத் தண்ணி பாய்ச்சப் போவார். அதனால் பாம்புக்கடி மருந்தைப் பற்றிப் படித்தேன். நீங்களும் தெரிந்துகொள்ளுங்கள்.

எதிர்ப்பொருள் என்றால் என்ன?

வெளியிலிருந்து உடம்புக்குள் வரும் பொருளைப் பிடித்து முடக்கும் புரதமே எதிர்ப்பொருள் (ஆன்டிபாடி). நம் உடம்பு இதைச் செய்து முடிக்கப் பல நாள் ஆகும். விஷம் அதுவரை காத்திருக்குமா? அதனால் குதிரை செய்து வைத்ததைக் கடன் வாங்குகிறோம்.

எப்படித் தயாரிக்கிறார்கள்?

மாமல்லபுரம் அருகே வடநெம்மேலியில் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் உள்ளது. 1978-ல் தொடங்கியது. நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கிலிருந்தும் விஷம் எடுக்கிறார்கள். இந்த இருளர்களில் வடிவேல் கோபால், மாசி சடையன் இருவருக்கும் 2023-ல் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. நமக்கெல்லாம் பெருமை!

அந்த விஷத்தைக் கொஞ்சங் கொஞ்சமாகக் குதிரைக்கு ஊசி போடுவார்கள். குதிரை சாகாது. அதன் ரத்தத்தில் எதிர்ப்பொருள் உண்டாகும். அதைப் பிரித்துச் சுத்தம் செய்தால் மருந்து. நான்கு பாம்புக்கும் இந்த ஒரே மருந்துதான்.

எப்படிப் பாதுகாப்பது?

முட்டை வெந்தால் மறுபடி பச்சை முட்டை ஆகுமா? ஆகாது. எதிர்ப்பொருளும் புரதம்தான், சூடு பட்டால் கெட்டுவிடும். திரவ மருந்தை 2 முதல் 8 டிகிரி செல்சியஸ் குளிரில் வைக்க வேண்டும். உறையவும் விடக்கூடாது. தூள் மருந்து என்றால் குளிர்ந்த, வெயில் படாத இடம் போதும். கரண்ட் அடிக்கடி போகும் கிராமத்துக்கு இதுதான் வசதி. தூளில் சுத்தமான நீர் விட்டு மெதுவாகச் சுழற்றிக் கரைப்பார்கள். வேகமாகக் குலுக்கினால் நுரைத்துவிடும். ஆய்வுக்கூடத்து ஆன்டிபாடிகளையும் இப்படிப் பக்குவமாகத்தான் கையாளுகிறார்கள்.

எப்படிக் கொடுப்பார்கள்?

கொஞ்சம் ரத்தத்தைக் கண்ணாடிக் குழாயில் எடுத்து 20 நிமிடம் அசையாமல் வைப்பார்கள். உறையவில்லை என்றால் விரியன் விஷம் ஏறியிருக்கிறது. கண் இமை தொங்கினால் நரம்பு விஷம். பெரும்பாலும் முதலில் 10 குப்பி வரை சலைனில் கலந்து ஏற்றுவார்கள். சின்னப் பிள்ளைக்கும் அதே அளவுதான்! ஏன்? பாம்பு ஆளைப் பார்த்து விஷத்தைக் குறைப்பதில்லை. சிலருக்கு இந்த மருந்தே ஒத்துக்கொள்ளாது. அதனால் டாக்டர் பக்கத்தில் இருந்தே ஏற்ற வேண்டும்.

நாம் செய்ய வேண்டியது

கயிறு கட்டாதீங்க, கீறாதீங்க, வாயால் உறிஞ்சாதீங்க. கொலுசு, மெட்டி, மோதிரத்தைக் கழற்றுங்க. கடிபட்ட கை காலை ஆட்டாமல் வைத்து 108-ஐக் கூப்பிடுங்க. கட்டுவிரியன் கடித்தால் வலி அதிகம் தெரியாது, வீக்கமும் இருக்காது. "ஒண்ணும் இல்ல, பாடம் போட்டா சரியாப் போயிடும்" என்று வீட்டில் இருக்காதீங்க. நரம்பில் ஒட்டிவிட்ட விஷத்தை மருந்தாலும் பிரிக்க முடியாது. அரசு மருத்துவமனையில் இந்த மருந்து இலவசம். இதை இன்றே வீட்டில் அம்மா, அப்பா, ஆயாவிடம் சொல்லுங்கள்.

மந்திரம் தேடாதே, மருத்துவமனைக்கு ஓடு!

— 9-ஆம் வகுப்பு மாணவி