ஒரு வாளி நீர், ஐந்து செடிகள்

வீட்டில் ஒரு செடி வளர்க்க வேண்டும். பலருக்கும் இந்த ஆசை உண்டு. ஆனால் "இடம் இல்லையே", "தண்ணீர் இல்லையே", "செடி வைத்துப் பழக்கம் இல்லையே" என்று விட்டுவிடுகிறோம்.

இடம் பெரிதாக வேண்டாம். ஒரு ஜன்னல் போதும். மாடிப்படி ஓரமும் போதும். தண்ணீர்? அதை முதலில் பேசுவோம்.

நம் ஊர்த் தண்ணீர்

பெங்களூரு மேட்டில் இருக்கும் ஊர். கடல் மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரம். நம் குழாயில் வரும் காவிரி நீர் சுமார் 100 கிலோமீட்டர் தொலைவிலிருந்து வருகிறது. மோட்டார் வைத்து மேட்டுக்கு ஏற்றுகிறார்கள்.

2023இல் மழை பொய்த்தது. பல இடங்களில் போர்வெல் வற்றியது. மக்கள் குடத்தோடு டேங்கர் லாரிக்குக் காத்து நின்றார்கள். 2024 மார்ச்சில் குடிநீர் வாரியம் ஒரு தடை போட்டது. குடிநீரைத் தோட்டத்துக்கு ஊற்றக் கூடாது. மீறினால் 5,000 ரூபாய் அபராதம்.

அதனால் குழாய்த் தண்ணீரை நம்பிச் செடி வைக்க வேண்டாம். அரிசி கழுவிய நீர் இருக்கிறது. பருப்பு, காய்கறி கழுவிய நீர் இருக்கிறது. இவற்றைச் சாக்கடையில் கொட்டுகிறோம். செடிக்கு இவை போதும். அன்றன்று சேர்வதை அன்றே ஊற்றிவிடுங்கள். உப்பு, சோப்பு கலந்த நீர் மட்டும் ஆகாது.

எந்தச் செடி வைக்கலாம்?

1. கற்பூரவல்லி. கன்னடத்தில் தொட்டபத்ரெ என்பார்கள். ஒரு கொம்பை ஒடித்து நட்டால் வேர் பிடிக்கும். இலையில் பஜ்ஜி போடலாம். மோர் சேர்த்துத் தம்புளியும் செய்யலாம்.

2. சோற்றுக் கற்றாழை. இதன் மடலிலேயே நீர் இருக்கும். நல்ல வெயில் வேண்டும். வாரம் ஒரு தடவை நீர் போதும்.

3. நித்தியகல்யாணி. வெயிலில் வையுங்கள். ஆண்டு முழுவதும் பூக்கும். இதிலிருந்து இரத்தப் புற்றுநோய்க்கு மருந்து எடுக்கிறார்கள். ஆனால் வீட்டில் கஷாயம் போடக் கூடாது. இலை நஞ்சு.

4. பாம்புச் செடி. நர்சரியில் ஸ்நேக் பிளாண்ட் என்று கேளுங்கள். வெளிச்சம் குறைந்த அறையிலும் வளரும். பத்து நாளுக்கு ஒரு தடவை நீர் ஊற்றினால் போதும்.

5. மணி பிளாண்ட். மண் கூட வேண்டாம். ஒரு பாட்டில் தண்ணீரில் வளரும். சிறு குழந்தைகளுக்கு எட்டாத இடத்தில் வையுங்கள். இலையை மென்றால் வாய் எரியும்.

தொட்டியும் மண்ணும்

பழைய எண்ணெய் டின், உடைந்த வாளி, எதுவும் தொட்டி ஆகும். அடியில் மூன்று நான்கு ஓட்டை போடுங்கள். செம்மண் ஒரு பங்கு, மணல் ஒரு பங்கு, மட்கிய எரு ஒரு பங்கு கலந்து நிரப்புங்கள். மேலே இரண்டு விரல் இடம் விடுங்கள். அப்போதுதான் நீர் வழியாது.

செடி ஏன் சாகிறது?

தண்ணீர் இல்லாமல் சாகும் செடிகள் உண்டு. தண்ணீர் மிஞ்சிச் சாகும் செடிகள் இன்னும் நிறைய. வேருக்கும் காற்று வேண்டும். மண் எப்போதும் சொதசொத என்று இருந்தால் வேர் அழுகும். இலை மஞ்சளாகும். நாமோ வாடுகிறது என்று நினைத்து மேலும் ஊற்றுவோம்!

விரலை மண்ணுக்குள் விட்டுப் பாருங்கள். உள்ளே ஈரம் இருந்தால் ஊற்ற வேண்டாம். காய்ந்திருந்தால் ஊற்றுங்கள். மழைக் காலத்தில் பல நாட்கள் ஊற்றவே தேவை இருக்காது.

கொசுவுக்கு இடம் கொடாதீர்கள்

தொட்டியின் அடியில் தட்டு வைக்கிறோம். அதில் நீர் தேங்கும். டெங்குக் கொசு முட்டையிடுவது இப்படித் தேங்கிய நல்ல நீரில்தான். முட்டை கொசுவாக ஒரு வாரம், பத்து நாள் போதும். 2024இல் கர்நாடகத்தில் டெங்கு மிகவும் பரவியது. அரசு அதைக் கொள்ளைநோய் என்று அறிவித்தது.

வாரம் ஒரு நாளை 'உலர் நாள்' என்று வையுங்கள். அன்று தட்டுகளைக் கவிழ்த்துத் தேய்த்துக் காய வையுங்கள். மணி பிளாண்ட் பாட்டிலின் நீரையும் மாற்றுங்கள். பழைய நீரை மண் தொட்டியில் ஊற்றுங்கள்.

செடி எங்கே கிடைக்கும்?

கற்பூரவல்லி, மணி பிளாண்ட், நித்தியகல்யாணி ஆகியவற்றை அக்கம்பக்கத்தில் கேட்டாலே கொம்பு தருவார்கள். லால்பாகுக்கும் போய்ப் பாருங்கள். 1760இல் ஹைதர் அலி தொடங்கிய தோட்டம் அது. குடியரசு நாளையும் சுதந்திர நாளையும் ஒட்டி அங்கே மலர்க் காட்சி நடக்கும். பெயர்ப் பலகை உள்ள மரங்களின் பெயரை நீங்களே படிக்கலாம்.

பேசுவோம்

1. அரிசி கழுவிய நீரை உங்கள் வீட்டில் என்ன செய்கிறீர்கள்?
2. எந்தச் செடியைத் தின்னக் கூடாது? ஏன்?
3. உங்கள் தெருவில் நீர் எங்கெங்கே தேங்குகிறது?

கணக்குப் போடுவோம்

ஒரு தொட்டிக்கு ஒரு தடவை அரை லிட்டர் நீர். வாரம் இரண்டு தடவை. மூன்று தொட்டிக்கு வாரத்துக்கு எத்தனை லிட்டர்? ஒரு வாளியில் எத்தனை லிட்டர் பிடிக்கும்? அளந்து பார்த்து எழுதுங்கள்.

செய்வோம்

இந்த வாரம் ஒரு கொம்பு நடுங்கள். நட்ட தேதியை ஒரு சீட்டில் எழுதித் தொட்டியில் ஒட்டுங்கள். புதுத் துளிர் விட்ட தேதியையும் எழுதுங்கள். இரண்டுக்கும் இடையே எத்தனை நாள்? அடுத்த வகுப்பில் சொல்லுங்கள்.