விமான எந்திரம் எரிபொருளை அளந்துண்ணும் முறை

விமானம் எங்ஙனம் பறக்கின்றது என்று வினவும் மாணவர் பலர். அதன் எந்திரம் எங்ஙனம் உண்ணுகின்றது என்று வினவுவோர் மிகச் சிலர். இறக்கையின் வடிவும் சுழலியின் வேகமும் கண்ணுக்குப் புலனாவன. எரிபொருளை அளந்து கொடுக்கும் கருவியோ எந்திரத்தினுள் மறைந்து கிடப்பது. ஆயினும் விமானத்திற் செல்லும் அத்தனை பேரின் உயிரும் அக்கருவி கொடுக்கும் அளவிலேயே தங்கியுள்ளது.

தமிழ் கற்பிக்கும் யாம் எந்திரத்தைப் பற்றி எழுதப் புகுந்தமைக்குக் காரணம் உண்டு. இத்தகைய பொருள்களைத் தமிழில் விளங்கிக்கொள்ள இயலாது, ஆதலால் இவை தமக்கு எட்டாதவை என்று எண்ணித் தோட்டத்துப் பிள்ளைகள் சிலர் பின்வாங்குவதைக் கண்டிருக்கின்றோம். இக்கருவியை விளங்கிக்கொள்ள வேண்டிய உவமைகள் யாவும் நம் ஊவா மலைநாட்டிலேயே கிடைக்கின்றன. கொழுந்து நிறுக்கும் தராசும், லயத்துப் பீலியும், வெல்லவாயவிலிருந்து அப்புத்தளைக்கு ஏறும் வீதியும் தெரிந்த பிள்ளைக்கு இப்பாடத்தின் பாதி முன்னரே தெரியும் என்பதே எம் துணிபு.

1. நிறையே அளவு

பெற்றோல் தனித்து எரிவதில்லை. காற்றிலுள்ள ஒட்சிசனோடு கூடியே எரியும். ஒரு கிலோகிராம் பெற்றோல் முற்றாக எரிவதற்கு ஏறத்தாழ 15 கிலோகிராம் காற்று வேண்டும். காற்று இதனினும் குறையுமாயின் அதனைச் செறிந்த கலவை என்பர். அது மிகச் செறிந்தால் கரும்புகை எழும்; கரி படியும்; வலுக் குன்றும். காற்று மிகுமாயின் அது ஐதான கலவை. அது மிக ஐதானால் எந்திரம் தடுமாறி, ஈற்றில் அணைந்துவிடும்.

இவ்விகிதம் நிறையைப் பற்றியது; கனவளவைப் பற்றியதன்று. மாணவர் இதனை மறவாது உளங்கொள்ளல் வேண்டும். கொழுந்துக் கூடை நிறைந்திருப்பதைக் கண்டு எவரேனும் பேரேட்டிற் பதிவாரோ? தராசில் ஏற்றிய பின்னரே பதிவர். எந்திரத்தின் உருளையும் ஒரு கூடையே. ஒவ்வொரு முறையும் அது ஒரே கனவளவு காற்றை முகந்துகொள்கின்றது. அக்காற்றின் நிறையோ இடத்துக்கு இடம் வேறுபடும். கடல் மட்டத்தில் ஒரு கனமீற்றர் காற்றின் நிறை ஏறத்தாழ 1.2 கிலோகிராம். கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,430 மீற்றர் உயர்ந்த அப்புத்தளையில் அது நூற்றுக்குப் பதின்மூன்று குறையும். 22,000 அடி உயரத்திற் பாதியாகிவிடும். கூடை அதே கூடை. உள்ளிருக்கும் கொழுந்தே குறைவு.

2. பீலி கற்பிக்கும் பாடம்

இனி, எரிபொருள் எவ்வாறு அளக்கப்படுகின்றது என்பதை நோக்குவோம். மலைச்சரிவிலுள்ள ஒரு தாங்கியிலிருந்து மேல் லயத்துக்கும் கீழ் லயத்துக்கும் நீர் வருகின்றது எனக் கொள்வோம். குழாயின் வாய் இரண்டிலும் ஒரே அளவினதாயினும் கீழ் லயத்திலேயே நீர் விரைந்து விழும். ஏனெனில் அங்கு நீருக்கு இறக்கம் அதிகம். அதனால் அமுக்கமும் அதிகம். ஆகவே, பாயும் நீரின் அளவை இரண்டு பொருள்கள் முடிவு செய்கின்றன: ஒன்று வாயின் அகலம், மற்றொன்று அதனைத் தள்ளும் அமுக்கம். வாயின் பரப்பை இரட்டித்தால் நீரும் இரட்டிக்கும். அமுக்கத்தை இரட்டித்தாலோ அவ்வாறன்று. நீரை இரட்டிக்க அமுக்கத்தை நான்கு மடங்காக்க வேண்டும். நீர் அமுக்கத்தின் வர்க்கமூலத்துக்கு ஏற்பவே பாய்கின்றது என்பது விதி.

எரிபொருள் அளக்கும் கருவிகள் யாவும் இவ்விரண்டையுமே ஆள்கின்றன.

3. காபுரேற்றரும் மலையேற்றமும்

1903 டிசம்பர் 17ஆந் திகதி ரைட் சகோதரர் பறக்கவிட்ட விமானத்தில் அளக்கும் கருவி என்று சொல்லத்தக்கது மிக எளியதே. இறக்கைத் தூணிற் கட்டிய சிறு கலனிலிருந்து பெற்றோல் தானாக இறங்கி, தரையிலேயே செப்பஞ் செய்து வைத்த ஒரு வால்வினூடாகச் சொட்டியது. அன்றைய மிக நீண்ட பறப்பு 59 விநாடி. அதற்கு அது போதுமானது. உயரப் பறக்கவும் வேகத்தைக் கூட்டிக் குறைக்கவும் வேண்டியபோது காபுரேற்றர் இன்றியமையாததாயிற்று.

காபுரேற்றரில் காற்று ஓர் ஒடுங்கிய கழுத்தினூடே செல்கின்றது. ஒடுங்கிய இடத்தில் வேகம் கூடும். வேகம் கூட அமுக்கம் குறையும். அக்குறைவே இழுப்பாகிச் சிறு துளையொன்றின் வழியே பெற்றோலை வெளிப்படுத்துகின்றது. அருகிலுள்ள கிண்ணத்தில் ஒரு மிதவை பெற்றோலின் மட்டத்தைக் காக்கின்றது. நீர்த்தாங்கியின் மிதவை நீரை நிறுத்துவது போன்றதே அதன் தொழில். காற்று மிகுந்தால் இழுப்பு மிகும். இழுப்பு மிகுந்தால் பெற்றோலும் மிகும். மிக அழகிய ஏற்பாடு இது.

எனினும் இதில் ஒரு குறை உண்டு. காற்று ஐதாகும்போது, அதன் வேகம் மாறாதிருப்பினும், இழுப்பு அடர்த்தியின் அளவுக்கே குறையும். காற்றின் நிறையும் அவ்வளவே குறையும். ஆனால் பெற்றோலோ, பீலியில் யாம் கண்ட விதிப்படி, இழுப்பின் வர்க்கமூலத்துக்கு ஏற்பவே குறையும். ஆகவே காற்றுக் குறைந்த அளவுக்குப் பெற்றோல் குறைவதில்லை. கணித்துப் பார்ப்பின், கடல் மட்டத்தில் 15 பங்கு காற்றுக்கு ஒரு பங்கு எனச் செப்பஞ் செய்த காபுரேற்றர், அப்புத்தளையில் 14 பங்குக்கு ஒன்றும், 22,000 அடியில் ஏறத்தாழ பத்தரைப் பங்குக்கு ஒன்றும் கொடுக்கும். வெல்லவாயவிற் செப்பஞ் செய்த காபுரேற்றரோடு கொஸ்லந்தை, பெரகலை வழியாக ஏறிவரும் முச்சக்கர வண்டியின் கலவையும் இவ்வாறே வளைவுக்கு வளைவு சிறிது சிறிதாகச் செறிந்துகொண்டே வருகின்றது. வீதியில் இவ்வேறுபாடு பொறுக்கத்தக்கது, வானத்திற் பொறுக்கத்தக்கதன்று.

இதற்குக் கண்ட முதல் மருந்து விமானியின் கையே. நம் நாட்டு விமானப்படையினர் பயிற்சிக்குக் கையாண்டுள்ள செஸ்னா 150 போன்ற சிறு விமானங்களில் இதற்கெனச் சிவப்புக் குமிழ் ஒன்று உண்டு. உயர ஏறும்போது விமானி அதனை மெல்ல வெளியே இழுத்துக் கலவையை ஐதாக்குவார். இறங்கும்போது மறவாது உள்ளே தள்ளுவார். தள்ள மறந்தால், கீழேயுள்ள அடர்ந்த காற்றுக்கு எரிபொருள் போதாது எந்திரம் நின்றுவிடவுங் கூடும். இரண்டாவது மருந்து, காற்று நீக்கி மூடிய மெல்லிய உலோகப் பெட்டி. வெளியமுக்கம் குறையக் குறைய அது விரிந்து ஓர் ஊசியைத் தள்ளி, விமானியின் உதவியின்றியே எரிபொருள் வழியை ஒடுக்கும்.

4. மிதவை செய்த தீங்கு

1942 ஏப்ரல் 5ஆந் திகதி யப்பானிய விமானங்கள் கொழும்பைத் தாக்கியபோது இரத்மலானையிலிருந்தும் கொழும்புக் குதிரைப்பந்தயத் திடலிலிருந்தும் எதிர்த்தெழுந்தவை ஹரிகேன் விமானங்கள். அவற்றின் எந்திரம் மெர்லின். அவ்வெந்திரத்தின் காபுரேற்றர் பற்றிய ஒரு பாடத்தைப் பிரித்தானிய விமானிகள் அதற்கு இரண்டாண்டுகட்கு முன்னரே உயிரைப் பணயம் வைத்துக் கற்றிருந்தனர்.

1940இல் பகைவனைத் துரத்தும் விமானி விமானத்தின் மூக்கைச் சடுதியாகக் கீழே தள்ளினால் எந்திரம் ஒருகணம் அடங்கியது. காரணம் மிதவைக் கிண்ணமே. அவ்வேளையில் பெற்றோல் கிண்ணத்தின் மேற்புறத்துக்கு எழும்பிற்று. துளைக்குப் பெற்றோல் எட்டவில்லை. அடுத்த கணத்தில் மிதவை நிலைதடுமாறி வால்வை அகலத் திறக்க, பெற்றோல் வெள்ளமாகப் புகுந்து எந்திரத்தை மூச்சுத் திணறச் செய்தது. செருமானிய விமானங்களிலோ பெற்றோல் நேரே உருளையினுட் பீச்சப்பட்டமையால் இத்தொல்லை இல்லை. துரத்தப்பட்டவன் மூக்கைத் தாழ்த்தித் தப்பினான்.

இதற்கு ஒரு பரிகாரம் கண்டவர் பாண்பரோ ஆராய்ச்சி நிலையத்துப் பொறியியலாளர் பியற்றிஸ் ஷில்லிங் அம்மையார். மோட்டார் சைக்கிள் பந்தயங்களிலும் பெயர் பெற்றவர் அவர். 1941இல் அவர் செய்தது மிகச் சிறிய காரியம்: எரிபொருள் வழியில் துளையிட்ட ஒரு சிறு பித்தளைத் தடையைப் பொருத்தினார். எந்திரத்தின் உச்ச வலுவுக்கு எவ்வளவு எரிபொருள் வேண்டுமோ அவ்வளவே செல்லத்தக்கது அத்துளை. வெள்ளம் வரும் வழி அடைபட்டது. குறை முற்றாக நீங்கவில்லை. ஆயினும் உயிர்களைக் காக்கப் போதுமான அளவு நீங்கிற்று. அளவறிந்து இட்ட ஒரு துளையின் பெருமை இத்தகையது.

5. தராசாகிய கருவி

1947 டிசம்பர் 10ஆந் திகதி எயார் சிலோன் நிறுவனத்தின் முதற் பயணிகள் விமானம் இரத்மலானையிலிருந்து யாழ்ப்பாணக் குடாநாட்டின் வழியாகச் சென்னைக்குச் சென்றது. அது டக்கோட்டா இனத்தது. அவ்வினத்து எந்திரங்களிற் பொருத்தப்பட்ட ஸ்ரோம்பேக் காபுரேற்றரில் மிதவையே இல்லை. அதனிடத்தில் இருப்பது ஒரு தராசு எனலாம்.

ஒரு பக்கத்தில், உட்செல்லும் காற்றின் பாய்ச்சல் தோற்றுவிக்கும் அமுக்க வேறுபாடு ஒரு மென்றகட்டைத் தள்ளி எரிபொருள் வால்வைத் திறக்க முயல்கின்றது. மறுபக்கத்தில், அளவுத் துளையைக் கடக்கும் எரிபொருளின் அமுக்க வேறுபாடு இன்னொரு மென்றகட்டைத் தள்ளி அவ்வால்வை மூட முயல்கின்றது. இரண்டுஞ் சமமாகும் இடத்தில் வால்வு நிலைபெறும். காற்று மிகுந்தால் ஒரு தட்டுத் தாழும். எரிபொருள் மிகுந்து மீண்டும் சமன் செய்யும். முற்கூறிய உலோகப் பெட்டி, உயரத்துக்கேற்பக் காற்றுப் பக்கத்தின் வலிமையைத் திருத்தித் தரும். விமானம் சரியினும் புரளினும் இத்தராசு பிழைபடாது.

6. தாரை எந்திரத்தில்

இன்றைய பெரிய விமானங்கள் மண்ணெண்ணெயை ஒத்த எரிபொருளை உண்பன. அங்கே எந்திரம் சுழற்றும் பம்பி, வேண்டியதனினும் மிகுதியாகவே எரிபொருளைத் தள்ளுகின்றது. அவ்வெள்ளத்தை அளவுவால்வு என்னும் மதகு எதிர்கொள்கின்றது. மதகின் முன்னும் பின்னும் உள்ள அமுக்க வேறுபாட்டை மாறாது காப்பதற்கு இன்னொரு வால்வு உண்டு. மிகுதியான எரிபொருளை அது பம்பிக்கே திருப்பிவிடும். இதன் நுட்பத்தை மாணவர் உய்த்துணர்க. பீலியில் இரண்டு பொருள்கள் நீரின் அளவை முடிவு செய்தன என்றோம். அவற்றுள் அமுக்கத்தை மாறாது நிறுத்திவிட்டால் வாயின் அகலம் ஒன்றே எஞ்சுகின்றது. மதகு எவ்வளவு திறந்துள்ளது என்பது தெரிந்தால் எவ்வளவு எரிபொருள் செல்கின்றது என்பதும் தெரிந்துவிடும்.

மதகைத் திறப்பது விமானியின் கை அன்று, ஒரு கணினி. விமானி நெம்பைத் தள்ளித் தம் விருப்பத்தைத் தெரிவிப்பார். கணினியோ காற்றின் அமுக்கம், வெப்பநிலை, எந்திரத்தின் வேகம் ஆகியவற்றை நோக்கி, எவ்வளவு விரைவில் எவ்வளவு கொடுக்கலாம் என்று முடிவு செய்யும். கேட்டவுடன் முழுவதையும் கொட்டினால் வெப்பம் எல்லை கடக்கும்; காற்றை நெருக்கும் பகுதியில் ஓட்டம் குலைந்து எந்திரம் வெடியோசையோடு குலுங்கும். சடுதியாகக் குறைத்தாலோ சுவாலை அணையும். இவ்விரு எல்லைகட்கும் இடையேயுள்ள ஒடுங்கிய வழியிலேயே கணினி எந்திரத்தை நடத்திச் செல்கின்றது. ஒரு கணினி பழுதுறினும் தொழில் நில்லாதிருக்க அதனை இரட்டையாகவே அமைத்துள்ளனர்.

7. அளவு பொய்த்த ஒரு நாள்

2010 ஏப்ரல் 13ஆந் திகதி கதே பசிபிக் நிறுவனத்தின் ஏ330 விமானமொன்று இந்தோனேசியாவின் சுரபாயாவிலிருந்து ஹொங்கொங்குக்குப் புறப்பட்டது. ஶ்ரீலங்கன் விமான சேவையின் ஏ330 விமானங்களிற் பூட்டிய டிரென்ட் 700 இனத்து எந்திரங்களே அதிலும் இருந்தன. சுரபாயாவில் எரிபொருட் குழாய்த் தொகுதியினுள் முன்னர் உப்புநீர் புகுந்திருந்தது. வடிகட்டியிலிருந்த நீருறிஞ்சும் பொருள் அதனாற் சிதைந்து, நுண்ணுருண்டைகளாகி, எரிபொருளோடு கலந்து விமானத்தினுட் சென்றது. அவ்வுருண்டைகள் இரு எந்திரங்களின் அளவுவால்வுகளிலும் படிந்து அவற்றை அசையவொட்டாது செய்தன.

ஹொங்கொங்கை அணுகியபோது ஓர் எந்திரம் வலுவின்றி மெல்லச் சுழலும் நிலையில் நின்றது. மற்றையது நூற்றுக்கு எழுபதுக்கும் மேற்பட்ட வேகத்தில் நின்று, குறைக்க முயன்றும் குறையவில்லை. கணினி சரியாகவே கட்டளையிட்டது, மதகு கேட்கவில்லை. விமானிகள் மணிக்கு ஏறத்தாழ 425 கிலோமீற்றர் வேகத்தில் விமானத்தை ஓடுபாதையில் இறக்கி நிறுத்தினர். வழக்கமான வேகத்தினும் அது மிக அதிகம். வெளியேறும்போது பலர் காயமுற்றனராயினும் விமானத்திலிருந்த 322 பேரும் உயிர் தப்பினர்.

இந்நிகழ்ச்சியிற் கருவியை வகுத்தவர் பிழை செய்திலர். விமானியும் பிழை செய்திலர். நெடுந்தொலைவில், நிலத்தின் கீழ், ஒரு குழாயினுட் புகுந்த உப்புநீரைத் தடுத்து முற்றாக நீக்காமையே அத்தனைக்கும் வித்தாயிற்று. வடிகட்டியைத் துப்புரவாக்குபவர், குழாயைச் சோதிப்பவர், தாங்கியிலிருந்து மாதிரி எடுத்து நீர் கலந்துள்ளதோ என்று பார்ப்பவர் ஆகிய யாவரும் அளவுவால்வைக் காப்பவரே. அவர்தம் பெயரைப் பயணிகள் அறியார்.

நம் கல்லூரியிற் பயின்று, பொறித்துறையிலும் பணிமனைகளிலும் தோட்டத் தொழிற்சாலைகளிலும் கடமையாற்றும் பழைய மாணவர் பலர். அவர்களுட் பலருடைய வேலையும் இத்தகையதே: வெளியே தெரியாதது, பிழைத்தாற் பிறர் உயிர்க்கு ஊறாவது. இன்று வகுப்பிலிருக்கும் மாணவர்க்கு யாம் கூறுவது ஒன்று. வர்க்கமூலத்தையும் அடர்த்தியையும் பரீட்சைக்குரிய சொற்களென்று மாத்திரம் கொள்ளாதீர்கள். அடுத்த முறை பீலிக்கரையில் நிற்கும்போதும், கொழுந்து நிறுக்கும் இடத்தில் அன்னையின் கூடை தராசில் ஏறும்போதும் அவற்றை நினைந்து பாருங்கள். பொருள் விளங்கும். விளங்கிய பின்னர், இரத்மலானைப் பணிமனையாயினும் அதற்கப்பாலுள்ள எந்த நாட்டுப் பணிமனையாயினும் நமக்கு எட்டாதது அன்று.