உங்கள் தெருவும் உங்கள் உடல்நலமும்

காய்ச்சல் என்று மருத்துவரிடம் சென்றால் அவர் நாடி பார்க்கிறார், எடை பார்க்கிறார், எத்தனை நாளாகக் காய்ச்சல் என்று கேட்கிறார். உங்கள் வீட்டுக்கு எத்தனை ஜன்னல், தெருவில் வண்டிகள் என்ன வேகத்தில் போகின்றன, விளையாடும் இடம் எவ்வளவு தூரம் என்று அவர் கேட்பதில்லை. ஆனால் உங்கள் தூக்கம், காது, கண், எலும்பு ஆகிய எல்லாவற்றுக்கும் இக்கேள்விகளோடு தொடர்பு உண்டு. அத்தொடர்பில் பெரும்பகுதி நீங்கள் வகுப்பில் படிக்கும் இயற்பியல்தான்.

திருப்பூரை எடுத்துக்கொள்வோம். சுற்றுப்பகுதிகளையும் சேர்த்து 2001-இல் சுமார் 5.5 லட்சமாக இருந்த அதன் மக்கள்தொகை, 2011-இல் 9.6 லட்சத்தை எட்டியது. பின்னலாடைத் தொழிலை நம்பி வந்தவர்களுக்காக லைன் வீடுகள் எழுந்தன. ஒரே தெருவில் வீடும், பனியன் கம்பெனியும், நிட்டிங் மிஷின் ஓடும் கட்டடமும், சரக்கு ஏற்றும் குடோனும் அடுத்தடுத்து அமைந்தன. வேலைக்குப் பக்கத்திலேயே வீடு என்பது வசதிதான். அந்த வசதியோடு வருபவை எவை என்று பார்ப்போம்.

காற்று வரும் வழி

மேற்குத் தொடர்ச்சி மலையில் பாலக்காட்டுக் கணவாய் ஒரு பெரிய வாசல். ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று அதன் வழியாகப் பாய்ந்து வருகிறது. பல்லடம், உடுமலைப் பக்கத்துக் காற்றாலைகள் சுழல்வது இக்காற்றால்தான். இவ்வளவு காற்று வீசும் ஊரில் ஒரு வீட்டினுள் புழுக்கம் ஏன்?

காற்று மோதும் பக்கத்தில் அழுத்தம் கூடுகிறது, எதிர்ப்பக்கத்தில் குறைகிறது. இரு பக்கங்களிலும் திறப்பு இருந்தால் இந்த அழுத்த வேறுபாடு காற்றை வீட்டின் ஊடே தள்ளும். லைன் வீடுகள் பலவற்றில் பின்சுவர் அடுத்த வரிசைக்கும் பொதுச்சுவர். கதவும் ஜன்னலும் முன்பக்கம் மட்டுமே. உள்ளே வந்த காற்றுக்கு வெளியேற வழியில்லை. ஆகவே அது உள்ளே வருவதும் இல்லை.

குறுகிய சந்து பகலில் நிழல் தருவது உண்மையே. ஆனால் பகலில் சூடேறிய சுவர்கள் இரவில் அவ்வெப்பத்தை வானை நோக்கிக் கதிர்வீச வேண்டும். சந்து குறுகலாயிருந்தால் சுவருக்கு எதிரே தெரிவது மற்றொரு சூடான சுவரே. ஒன்றின் வெப்பத்தை மற்றொன்று வாங்கிக்கொள்கிறது. நள்ளிரவுவரை அறை தணிவதில்லை. 13 முதல் 18 வயது வரை நாள்தோறும் 8 முதல் 10 மணி நேரத் தூக்கம் தேவை. புழுக்கத்தில் புரண்டு படுத்தவன் மறுநாள் வகுப்பில் கண்ணயர்ந்தால் அதைச் சோம்பல் என்று சொல்லலாமா?

இரைச்சல் எனும் பாரம்

ஒலியின் கூட்டல் விந்தையானது. ஓரிடத்தில் 70 டெசிபல் ஒலி தரும் இயந்திரத்தின் பக்கத்தில் அதே போன்ற மற்றொன்றை ஓட்டினால் 140 ஆகாது, 73 தான். பத்து இயந்திரங்கள் ஓடினால் 80 டெசிபல். திறந்த வெளியில் தொலைவு இரட்டிக்கும்போது ஒலி சுமார் 6 டெசிபல் குறையும். ஆனால் இருபுறமும் கடினமான சுவர்கள் உள்ள சந்தில் ஒலி எதிரொளித்துத் திரும்புவதால் அவ்வளவு குறைவதில்லை. நம் நாட்டு ஒலி மாசு விதிகள் (2000) குடியிருப்புப் பகுதிக்கு வகுத்த வரம்பு பகலில் 55, இரவில் 45 டெசிபல்.

இரைச்சல் காதை மட்டுமா பாதிக்கும்? நியூயார்க் நகரில் மேம்பால ரயில் பாதையை ஒட்டி ஒரு பள்ளி இருந்தது. பாதையை நோக்கிய வகுப்பறைகளில் படித்தவர்களையும், மறுபக்கம் படித்தவர்களையும் ஆர்லின் பிரான்சாஃப்ட் என்ற உளவியலாளர் ஒப்பிட்டார். இரைச்சல் பக்கத்து ஆறாம் வகுப்பு மாணவர்கள் வாசிப்புத் திறனில் ஏறக்குறைய ஓராண்டு பின்தங்கியிருந்தனர் என 1975-இல் வெளியான அவர் ஆய்வு காட்டியது. பின்னர் தண்டவாளத்தில் ரப்பர் பட்டைகள் வைக்கப்பட்டன. வகுப்பறைக் கூரையில் ஒலி உறிஞ்சும் பலகைகள் பொருத்தப்பட்டன. 1981-இல் வெளியான அடுத்த ஆய்வில் அந்த வேறுபாடு மறைந்திருந்தது. குறை பிள்ளைகளிடம் இல்லை என்பது இதனால் தெளிவாயிற்று.

பதினைந்து மீட்டர் கணக்கு

உங்கள் தெருவில் பந்தைத் துரத்தி ஒரு குழந்தை குறுக்கே ஓடுகிறது. 15 மீட்டர் தொலைவில் ஒரு வேன் வருகிறது. ஓட்டுநர் கண்டு பிரேக்கை மிதிக்க 1 வினாடி ஆகும் என்றும், அதன்பின் வேகம் வினாடிக்கு 5 மீட்டர் வீதம் குறையும் என்றும் கொள்வோம்.

மணிக்கு 30 கி.மீ. வேகம் என்றால் வினாடிக்கு 8.3 மீட்டர். பிரேக்கை மிதிக்கும் முன் 8.3 மீட்டரும், மிதித்த பின் 6.9 மீட்டரும் வண்டி ஓடும். ஆக, 15 மீட்டர் அளவில் நின்றுவிடும். மணிக்கு 60 கி.மீ. என்றால்? முதல் வினாடியிலேயே 16.7 மீட்டர் கடந்துவிடும். பிரேக்கில் கால் படுமுன்னரே குழந்தை மீது மோதிவிடும். இயக்க ஆற்றல் வேகத்தின் இருமடிக்கு நேர்விகிதத்தில் இருப்பதால் மோதும் ஆற்றலோ 30 கி.மீ. வேகத்தில் இருப்பதைப்போல் நான்கு மடங்கு!

1971-இல் நெதர்லாந்துச் சாலைகளில் 3,000-க்கு மேற்பட்டோர் இறந்தனர். அவர்களில் 400-க்கு மேற்பட்டோர் குழந்தைகள். பெற்றோர் வீதிக்கு வந்து போராடினர். மரங்களும் வளைவுகளும் வைத்து, வண்டிகள் நடைவேகத்தில் மட்டுமே செல்லும்படி அமைத்த குடியிருப்புத் தெருக்களுக்கு 1976-இல் அங்கே சட்டத் தகுதி கிடைத்தது. 'மெதுவாகச் செல்' என்ற பலகையைவிட, மெதுவாகத்தான் செல்ல முடியும் என்ற தெருவே குழந்தையைக் காக்கும்.

கண்ணுக்கு வேண்டிய வெளிச்சம்

தெருவும் இல்லை, திடலும் இல்லை என்றால் பிள்ளைகள் வீட்டுக்குள் இருப்பார்கள். வீட்டினுள் விளக்கொளி பொதுவாகச் சில நூறு லக்ஸுக்குள் அடங்கும். வெளியே மர நிழலில்கூடப் பல ஆயிரம் லக்ஸ் உண்டு. வளரும் வயதில் வெளிச்சம் குறைந்தால் விழிக்கோளம் நீண்டுவிட வாய்ப்பு மிகுதி. அப்போது பிம்பம் விழித்திரைக்கு முன்னால் விழுகிறது, இதுவே கிட்டப்பார்வை. சீனாவின் குவாங்சோ நகரில் 12 பள்ளிகளில் ஓர் ஆய்வு நடந்தது. நாள்தோறும் 40 நிமிடம் கூடுதலாக வெளியே விடப்பட்ட குழந்தைகளில் மூன்றாண்டுகளில் 30.4 சதவிகிதத்தினர்க்கும், மற்றவர்களில் 39.5 சதவிகிதத்தினர்க்கும் கிட்டப்பார்வை வந்ததாக 2015-இல் வெளியான முடிவு கூறுகிறது.

5 முதல் 17 வயதுள்ளோர் நாள்தோறும் சராசரியாக 60 நிமிடமாவது உடல் வியர்க்க இயங்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். 2016-ஆம் ஆண்டு நிலவரப்படி உலகில் 11 முதல் 17 வயதுள்ள மாணவர்களில் 81 சதவிகிதத்தினர் இதை எட்டவில்லை. மாணவியரில் இது 85 சதவிகிதம். திடல் இருந்தாலும், வழியில் விளக்கில்லை, பக்கத்தில் ஆளில்லை என்றால் பெண்பிள்ளையை யார் அனுப்புவார்? அந்தத் திடல் அவளைப் பொறுத்தவரை இல்லாததே.

ரிசர்வ் சைட் எங்கே?

2019-ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகளின்படி, 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவில் சாலைகள் போக மீதி நிலத்தில் 10 சதவிகிதத்தைப் பொதுத் திறந்தவெளியாக ஒதுக்க வேண்டும். நம் பக்கத்தில் ரிசர்வ் சைட் என்பார்களே, அதுதான். 20,000 சதுர மீட்டர் மனைப்பிரிவில் சாலைக்கு 6,000 போனால் மீதி 14,000; அதில் பத்தில் ஒன்று 1,400 சதுர மீட்டர். கபடிக் களத்துக்கு 130, வாலிபால் களத்துக்கு 162 சதுர மீட்டர் போதும். இரண்டையும் அமைத்துச் சுற்றிலும் வேம்பும் புங்கமும் நடலாம். ஆனால் அந்த இடம் முள் மண்டியும், குப்பை கொட்டியும் கிடந்தால் வரைபடத்தில் மட்டுமே இருக்கும்.

நீங்களே அளந்து பாருங்கள்

1. ஜன்னல் அருகே ஊதுவத்தியைப் பிடித்துப் புகை செல்லும் திசையைக் குறியுங்கள். எதிர்க்கதவைத் திறந்தும் மூடியும் பாருங்கள்.

2. தெருவோரத்தில் 50 மீட்டர் இடைவெளியில் இரு அடையாளங்களைத் தெரிந்துகொள்ளுங்கள். திண்ணையில் பத்திரமாக அமர்ந்து, வண்டிகள் அத்தூரத்தைக் கடக்கும் நேரத்தைக் கணக்கிடுங்கள். 6 வினாடி என்றால் மணிக்கு 30 கி.மீ.; 3 வினாடி என்றால் 60 கி.மீ.

3. வீட்டிலிருந்து மிக அருகிலுள்ள திறந்தவெளிக்குக் காலடி எண்ணி நடந்து தூரத்தைக் காணுங்கள். ஐரோப்பிய நகரங்களுக்கு உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைத்த அளவு சுமார் 300 மீட்டர்.

நான்கைந்து பேர் சேர்ந்து இவற்றை ஒரு தெரு வரைபடத்தில் குறித்து, ஆசிரியர் துணையோடு உங்கள் வார்டு உறுப்பினரிடம் கொடுங்கள். வாக்களிக்கும் வயது உங்களுக்கு இன்னும் வரவில்லை; அளந்து காட்டும் வயது வந்துவிட்டது.