கஜாவுக்குப் பிறகு எங்கள் வீட்டுக் கூரை

எங்கள் பக்கத்தில் தகரக் கூரை என்றாலே கொஞ்சம் இளக்காரம்தான். ஓட்டு வீட்டுக்கு ஒரு மரியாதை, மாடி வீட்டுக்கு அதைவிடக் கூடுதல் மரியாதை. தகரம் மாட்டுக் கொட்டகைக்கும் நெல் மில்லுக்கும் ஆனது. 2018 நவம்பர் 16 அதிகாலையில் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கஜா புயல் கரையைக் கடந்த பிறகு, பட்டுக்கோட்டை வட்டாரத்தில் அந்தப் பேச்சு மாறிப்போனது. எங்கள் ஓட்டு வீட்டின் ஒரு பக்கச் சரிவு மொத்தமும் காற்றோடு போனது. மறுபக்கம் தென்னை விழுந்து சட்டங்களை ஒடித்தது. தார்ப்பாயைக் கட்டிக்கொண்டு அந்த மழைக்காலத்தை ஓட்டிவிட்டு, தையில் இரும்பு டிரஸ் எழுப்பி கலர் ஷீட் போட்டோம். அதன் கீழ் பல கோடையும் பல ஐப்பசியும் பார்த்தாயிற்று. வீட்டுக்கு உலோகக் கூரை நல்ல கூரை என்று உறுதியாகச் சொல்வேன். ஆனால் அதன் நன்மையில் பாதிதான் ஷீட்டில் இருக்கிறது. மீதிப் பாதி அதைப் பிடித்திருக்கும் திருகாணியிலும், அடியில் விரித்திருக்கும் உறையிலும் இருக்கிறது.

முதலில் காற்றைச் சொல்கிறேன். புயல் கூரையை மேலிருந்து அமுக்குவதைவிட, மேல்நோக்கி உறிஞ்சித் தூக்குவதுதான் அதிகம். மணிக்கு 120 கிலோமீட்டர் வேகத்தில் அடிக்கும் காற்றின் விசை சதுர அடிக்கு ஏறத்தாழ 6 கிலோ. கூரையின் ஓரங்களிலும் மூலைகளிலும் முகட்டிலும் அது இன்னும் கடுமையாக இழுக்கும். மங்களூர் ஓடு வேய்ந்த கூரை சதுர அடிக்கு 3, 4 கிலோ இருக்கும். கனமான ஓடு எப்படிப் பறந்தது என்று ஊரே திகைத்ததற்குக் காரணம் இந்தக் கணக்குதான். ஓட்டைப் பிடித்திருந்தது அதன் சொந்த எடை மட்டுமே. அரை மில்லிமீட்டர் ஷீட்டோ சதுர அடிக்கு அரைக் கிலோகூட வராது. எடையை நம்பினால் அது முதல் வீச்சிலேயே போய்விடும். ஆனால் ஷீட்டை டிரஸ்ஸோடும், டிரஸ்ஸைத் தூணோடும், தூணை அஸ்திவாரத்தோடும் ஒரே பிடியாகக் கட்டிவிட முடியும். ஓட்டில் அதைச் செய்வது கடினம். கஜாவில் ஷீட் கூரைகளும் பறந்தன, மறுக்கவில்லை. ஊரில் விழுந்து கிடந்த ஷீட்டுகளை நான் போய்ப் பார்த்தேன். பலவற்றில் திருகாணி போட்ட துளை கிழிந்து அகன்றிருந்தது. இரும்பு அறுந்துபோகவில்லை, பிடிதான் விட்டிருந்தது.

அதனால் நான் எல்லாரிடமும் சொல்வது இது: ஷீட்டின் நிறத்துக்கும் பிராண்டுக்கும் செலவழிப்பதற்கு முன் ஷீட்டைத் தாங்கும் குறுக்குச் சட்டங்களான பர்லின்களின் இடைவெளியைக் குறையுங்கள். ஓரங்களிலும் முகட்டிலும் நடுப்பகுதியைவிட நெருக்கமாகத் திருகாணி போடச் சொல்லுங்கள். எங்களுக்கு வேலை செய்த மேஸ்திரி நல்ல கைக்காரர். ஒவ்வொரு திருகாணியின் தலைக்கடியிலும் ஒரு கறுப்பு ரப்பர் வாஷர் இருக்கும். மழைநீரை நிறுத்துவது அதுதான். அவருடைய பையன் டிரில்லை அழுத்திக்கொண்டே போனபோது, "தம்பி, ரப்பர் பிதுங்குற வரைக்கும் முறுக்காத. லேசா உப்பி நிக்கும் பாரு, அதோட விட்டுரு" என்றார். என்னையும் ஏணியில் ஏற்றி, "இங்க பாருங்க சார், இது சரி, இது அதிகம்" என்று இரண்டையும் காட்டினார். அதிகம் முறுக்கியதில் ரப்பர் வட்டம் நசுங்கி ஒரு பக்கம் வெளியே தள்ளியிருந்தது. அந்த மாதிரி வாஷர் வெயிலில் சீக்கிரம் வெடித்து ஒழுகத் தொடங்கும் என்று அதைக் கழற்றிப் போட்டு, பெரிய அளவுத் திருகாணியாக மாற்றினார். கூரை ஒழுகுகிறது என்று ஷீட்டைக் குறை சொல்பவர்கள் ஏறிப் பார்த்தால், பெரும்பாலும் இந்தச் சின்ன ரப்பரில்தான் காரணம் இருக்கும்.

வேலை நடக்கும்போது கூடவே நில்லுங்கள். கட்டிங் மெஷினால் ஷீட்டை மேலேயே வைத்து அறுத்தால், தெறிக்கும் பொறி பக்கத்து ஷீட்டின் பெயின்ட்டைச் சுட்டுவிடும். டிரில் போடும்போது விழும் இரும்புத்தூளை அன்று மாலையே பெருக்காவிட்டால், அடுத்த மழைக்கு அது துருப்பிடித்துப் புள்ளி புள்ளியாக ஒட்டிக்கொள்ளும். சுவரும் ஷீட்டும் சேரும் இடத்தைச் சிமென்ட் வைத்து அடைக்க வந்தால் விடாதீர்கள். ஈரச் சிமென்ட் துத்தநாகப் பூச்சையும் அலுமினியப் பூச்சையும் அரிக்கும். தவிர, 20 அடி ஷீட் காலைக் குளிருக்கும் மதிய வெயிலுக்கும் இடையே 2, 3 மில்லிமீட்டர் நீண்டு சுருங்கும். சிமென்ட் அதைத் தாங்காமல் வெடிக்கும். அங்கே மடித்த தகடு வைத்து ரப்பர் சீலன்ட் போடுவதே சரி.

இனி வெயில். "சித்திரையில அவிஞ்சு போயிருவீங்க" என்று சொல்லாத உறவினர் இல்லை. வெறும் ஷீட்டை மட்டும் போட்டால் அவர்கள் சொன்னது நடக்கும், சந்தேகமே இல்லை. நாங்கள் வெளிர் நிறம் எடுத்தோம். பர்லினுக்கும் ஷீட்டுக்கும் இடையே இரு பக்கமும் வெள்ளிப் பளபளப்புள்ள காற்றுக்குமிழ் உறையை விரித்தோம். சூடான காற்று போக முகட்டில் வழி விட்டு, உள்ளே தாழ்ந்த கூரை அடித்தோம். இந்த நான்கில் எதையும் விட்டுவிடாதீர்கள். உச்சி வெயிலில் அறைக்குள் வெக்கை இருக்கத்தான் செய்கிறது. ஆனால் பொழுது சாய்ந்ததும் இறங்கிவிடுகிறது. ஷீட் மெல்லியது, சூட்டைச் சேர்த்து வைக்க அதில் இடமில்லை. கான்கிரீட் தளமோ பகலெல்லாம் குடித்த வெயிலை இரவெல்லாம் கக்கும். மாடி வீட்டில் இருக்கும் என் அக்கா மொட்டை மாடிக்கு மேல் இப்போது ஷீட் போட்டிருக்கிறாள். தளத்தில் நேர் வெயில் விழாததால், கீழே படுக்கையறையில் ராத்திரி நிம்மதியாகத் தூங்க முடிகிறது என்கிறாள். வெயிலுக்காகவே ஷீட் போட இதைவிடப் பொருத்தமான இடம் எனக்குத் தெரியவில்லை.

மழைச் சத்தம் உண்டு. உறையும் தாழ்கூரையும் அதைப் பாதிக்கு மேல் அடக்கிவிடுகின்றன. குரங்கு ஓட்டைப் பிரிப்பதும், மட்டையோ தேங்காயோ விழுந்து ஓடு உடைவதும், மரச்சட்டத்தைக் கரையான் தின்பதும் எங்களுக்கு இப்போது இல்லை. தேங்காய் விழுந்தால் ஷீட் நசுங்கும், ஒழுகாது. வருஷா வருஷம் ஓடு பிரித்து அடுக்க ஆள் தேடி அலைய வேண்டியதும் இல்லை.

பழைய ஆஸ்பெஸ்டாஸ் கூரையை மாற்றுகிறவர்களுக்கு ஒன்று. அந்த இழைத்தூசி நுரையீரலில் புற்றுநோய் வரவழைக்கும். சுத்தியலால் உடைக்காமல், தண்ணீர் தெளித்து நனைத்து, முழுசாக இறக்கச் சொல்லுங்கள். ஆட்களுக்குச் சரியான முகமூடி கொடுங்கள்; குழந்தைகளைக் கிட்ட விடாதீர்கள். இறக்கியதைக் கோழிக்கூண்டுக்கும் போட வேண்டாம்.

வாங்கும்போது பில்லில் கனத்தை எழுதி வாங்குங்கள். 0.50 என்றால் அது பெயின்ட்டும் பூச்சும் சேர்த்தா, வெறும் இரும்பு மட்டுமா என்று கேட்க வேண்டும். பூச்சு சதுர மீட்டருக்கு எத்தனை கிராம் என்பதும் முக்கியம். கால்வலூம் எனப்படும் அலுமினிய–துத்தநாகப் பூச்சில் 150 கிராம் இருந்தால் எங்களைப் போலக் கடலிலிருந்து சற்றுத் தள்ளியிருக்கும் வீடுகளுக்குப் போதும். உப்புக்காற்று நேராக முகத்தில் அடிக்கும் வேதாரண்யம் மாதிரி ஊர்களில் விலை கூடினாலும் முழு அலுமினிய ஷீட்டையே யோசிக்க வேண்டும்.

மழைநீருக்கும் இது அருமையான கூரை. ஆயிரம் சதுர அடியில் 10 மில்லிமீட்டர் மழை பெய்தால் ஏறத்தாழ 900 லிட்டர். ஓடு கொஞ்சம் உறிஞ்சிக்கொள்ளும், ஷீட் அநேகமாக அப்படியே தந்துவிடும். முதல் மழையின் அழுக்குத் தண்ணீரை மட்டும் வெளியே விட்டுவிட்டு மீதியைத் தொட்டிக்குத் திருப்புகிறோம்.

ஷீட் வேலை முடிந்த கையோடு எலக்ட்ரீஷியனை வரவழையுங்கள். கம்பத்திலிருந்து வரும் சர்வீஸ் வயரோ கேபிள் வயரோ கூரை மேல் உரசிக்கொண்டு கிடக்கக் கூடாது. உறை தேய்ந்த வயர் ஒன்று பட்டாலும் கூரை முழுக்க மின்சாரம் பாயும், துணி காயப்போடும் கம்பி வரைக்கும் வரும். டிரஸ்ஸுக்குத் தனியாக எர்த் கொடுத்து, மெயின் பெட்டியில் கசிவைக் கண்டு துண்டிக்கும் சுவிட்சும் மாட்டச் சொல்லுங்கள்.